எண்ணாகி நிற்கும் எழுத்து

நம் துறையின் பழைய நிலைப்பேழையைத் தூய்மை செய்தபோது மூன்று நெகிழ்வட்டுகள் கிடைத்தன. அவற்றின் மேல் ஒட்டியிருந்த தாளில், ‘தாலாட்டுத் தொகுப்பு’ என்று மையால் எழுதப்பட்டிருந்தது. 1990களின் பிற்பகுதியில் நம் மாணவர்கள் சுற்றுப்புற ஊர்களுக்குச் சென்று, மூதாட்டியரிடம் கேட்டு எழுதி, பின்னர்க் கணிப்பொறியில் ஏற்றிய பாடல்கள் அவை. பாடித் தந்தவர்களுள் எவரும் இன்று நம்மிடையே இல்லை. கையெழுத்துப் படிகளையும் எவரும் பேணி வைக்கவில்லை. ஆகவே அந்த வட்டுகளைப் பெரும் ஆவலோடு திறந்து பார்த்தோம். ஒரு வட்டு திறக்கவேயில்லை. மற்ற இரண்டும் திறந்தன. ஆனால் திரையில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும், அரைப்புள்ளிகளும், அடைப்புக் குறிகளும், பொருளற்ற கோடுகளுமே வரிசை வரிசையாக நின்றன.

செல்லரித்த சுவடியைக் கண்டிருக்கிறோம். நீரில் நனைந்து மை கரைந்த ஏட்டையும் கண்டிருக்கிறோம். இங்கோ எதுவும் அரிக்கப்படவில்லை, எதுவும் கரையவுமில்லை. அன்று பதிந்தவை அனைத்தும் அவ்விரு வட்டுகளில் அப்படியே இருந்தன. இருந்தும் படிக்க இயலவில்லை. இஃது எங்ஙனம் நேர்ந்தது என்னும் வினாவுக்கு விடை தேடியபோது நாம் அடைந்த கருத்துகளையே இம்மலர் வாயிலாக மாணவர்க்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், சமுதாயப் பெரியோர்க்கும் முன்வைக்கின்றோம்.

இரண்டே நிலைகள்

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது. தமிழ் மட்டுமன்று, ஆங்கிலமும் தெரியாது. அதன் உள்ளே இருப்பவை கோடிக்கணக்கான நுண்ணிய மின் நிலைமாற்றிகள். ஒவ்வொன்றும் இரண்டு நிலைகளுள் ஒன்றில் நிற்கும். ஒன்றை 0 என்றும் மற்றொன்றை 1 என்றும் நாம் வழங்குகின்றோம். இவ்விரு இலக்கங்களால் ஆன எண்முறையே இரும எண்முறை. அதன் ஓர் இடத்திற்குப் பிட்டு என்றும், எட்டு இடங்கள் சேர்ந்த தொகுதிக்குப் பைட்டு என்றும் பெயர்.

பத்து இலக்கங்களைப் பழகிய மனிதன் இயந்திரத்திற்கு மட்டும் இரண்டை ஏன் கொடுத்தான்? தொடக்கத்தில் பத்தையும் கொடுத்துப் பார்க்கவே செய்தான். 1946ஆம் ஆண்டு அமெரிக்காவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்னும் கணிப்பொறி, சுமார் 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்டு பதின்ம முறையிலேயே கணக்கிட்டது. ஓர் இலக்கத்தைக் காத்து வைக்கப் பத்து நிலைகள் கொண்ட ஒரு சுற்று வளையம் அதற்குத் தேவைப்பட்டது. இரும முறையில் நான்கே இடங்கள் பத்து இலக்கங்களுக்கும் போதும். 1945இல் ஜான் வான் நாய்மன் எட்வாக் என்னும் பொறிக்காக எழுதிய அறிக்கை இரும முறையையே வலியுறுத்தியது. மின்னழுத்தம் சற்றே ஏறி இறங்கினாலும், உண்டா இல்லையா என்னும் இரண்டனுள் குழப்பம் நேர்வது அரிது; பத்துப் படிகளாகப் பகுத்தால் ஒரு படி அடுத்த படியாக மயங்கும். எளிமையும் உறுதியும் கருதியே உலகம் இருமத்தைத் தேர்ந்தது.

படியும் உழக்கும்

இரும எண் என்றவுடன் நம் தமிழ் மாணவர் பலர், ‘இது கணிதத் துறையார்க்கு உரியது’ என்று ஒதுங்குகின்றனர். நம் பாட்டனார் நெல்லும் அரிசியும் அளந்த கணக்கே இது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

பழைய முகத்தலளவையில் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஆழாக்கை ஒன்று என்று கொண்டால் உழக்கு 2, உரி 4, படி 8 ஆகும். வணிகரிடம் இந்நான்கு கலங்களில் வகைக்கு ஒன்று இருந்தால் போதும். ஓர் ஆழாக்கு முதல் பதினைந்து ஆழாக்கு வரை எவ்வளவு கேட்டாலும், எந்தக் கலத்தையும் இருமுறை முகவாமல் அளந்து தந்துவிடலாம். பதின்மூன்று ஆழாக்கு வேண்டுமெனில் படி ஒன்று, உரி ஒன்று, உழக்கு இல்லை, ஆழாக்கு ஒன்று. உண்டு என்பதற்கு 1, இல்லை என்பதற்கு 0 இட்டு எழுதினால் 1101. கணிப்பொறி பதின்மூன்றை எழுதுவதும் இவ்வாறே.

இன்னும் மேலே சென்றால், எட்டுப் படி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. ஆழாக்குக் கணக்கில் குறுணி 64, பதக்கு 128, தூணி 256. படிக்கும் குறுணிக்கும் இடையே இரு படி, நாற்படி என இரு கலங்களைச் சேர்த்துக்கொண்டால், ஆழாக்கு முதல் பதக்கு வரை எட்டு இடங்கள் ஆகின்றன. இதுவே ஒரு பைட்டு. எட்டுக் கலங்களும் நிறைந்தால் 255. தூணிக்கு ஓர் ஆழாக்குக் குறைவு. ஒன்றும் இல்லாத சுழியத்தையும் சேர்த்து எண்ண, ஒரு பைட்டால் 256 வேறு வேறு நிலைகளைக் குறிக்க முடியும்.

யாப்பிலும் இதே கணக்கைக் காண்கின்றோம். நேர், நிரை என அசை இரண்டே. ஓரசையில் அமைவன 2. ஈரசையில் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என 4. இவற்றோடு காயும் கனியும் சேர மூவசைச் சீர் 8. நாலசைச் சீர் 16. ஆகச் சீர் முப்பது என்று நாம் வகுப்பில் மனப்பாடம் செய்கின்றோம். ஒவ்வோர் அசை கூடும்போதும் எண்ணிக்கை ஏன் இரட்டிக்கின்றது என்று கேட்ட மாணவன், இரும எண்முறையின் வாயிலுக்கு வந்துவிட்டவனே ஆவான். வடமொழியில் பிங்கலரின் யாப்பு நூலும் குறில் நெடில் அசைகளை இவ்வகையிலேயே வரிசைப்படுத்தி எண்ணியது.

இதனால், ‘கணிப்பொறியைக் கண்டறிந்தவர் நம் முன்னோரே’ என்று பெருமை பேசுவது நம் நோக்கமன்று. அளவைக் கலங்களை வைத்து எவரும் பொறி சமைக்கவில்லை. அறிவு பல கைகள் மாறி வளர்ந்தது என்பதே உண்மை. இந்தியாவில் தோன்றிய இடமதிப்பு எண்களையும் சுழியத்தையும் ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் இருந்து விளக்கி எழுதினார் அல்-குவாரிஸ்மி. ‘அல்காரிதம்’ என்னும் சொல் அவர் பெயரிலிருந்தே பிறந்தது. 1202இல் பிபொனாச்சி அவ்வெண்களை இலத்தீன் நூலொன்றால் ஐரோப்பாவில் பரப்பினார். 1703இல் லைப்னிட்சு இரும எண்கணிதத்தை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார். 1854இல் ஜார்ஜ் பூல் மெய், பொய் என்னும் இரண்டைக் கொண்டு தருக்கத்தையே கணிதமாக்கினார். 1937இல் கிளாடு ஷானன் என்னும் இளைஞர், தம் முதுகலை ஆய்வேட்டில், அக்கணிதத்தை மின்சுற்றுகளில் நிகழ்த்தலாம் எனக் காட்டினார். இச்சங்கிலியில் எந்தக் கண்ணியும் தனியே நின்று பயன் தந்ததில்லை.

உடன்பாடே உயிர்

எண்ணைப் பொறியில் வைக்கும் வழி தெரிந்துவிட்டது. எழுத்தை எப்படி வைப்பது? அதற்கும் ஓர் எண்ணைக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. 1963இல் அமெரிக்காவில் உருவான ஆஸ்கி என்னும் முறை, ஆங்கிலத்தின் பெரிய ‘ஏ’ எழுத்துக்கு 65 என்னும் எண்ணைத் தந்தது. இருமத்தில் அது 1000001. ஏழு இடங்கள் கொண்ட அம்முறையில் மொத்தம் 128 குறியீடுகளுக்கே இடம்.

இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. 65 என்னும் எண்ணுக்கும் ‘ஏ’ என்னும் எழுத்துக்கும் இயற்கையான தொடர்பு எதுவுமில்லை. அதே 1000001 ஓரிடத்தில் அறுபத்தைந்து என்னும் தொகையாகவும், வேறோரிடத்தில் ஒரு படத்தின் புள்ளியில் உள்ள நிறத்தின் அளவாகவும், இன்னோரிடத்தில் ஓர் ஒலியின் உயரமாகவும் நிற்கக்கூடும். எதுவாகக் கொள்வது என்பதை முடிவு செய்வது எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் இடையே உள்ள உடன்பாடு. மரம் என்னும் ஒலிக்கும் மரம் என்னும் பொருளுக்கும் உள்ள உறவு போன்றதே இதுவும். வழக்கில் நிலைத்தால் பொருள் உண்டு. வழக்கு மறைந்தால் பொருளும் மறையும். ஆதலால் எழுத்துக்கு எண் வழங்குவது பொறியியல் வினை மட்டுமன்று. மொழி வினையும் ஆகும்.

நம் தாலாட்டுகளுக்கு நேர்ந்தது இதுவே. 1990களில் தமிழுக்கு எல்லாரும் ஏற்ற ஓர் உடன்பாடு இருக்கவில்லை. எழுத்துரு வடித்தவர் ஒவ்வொருவரும் தத்தமக்கு உகந்த எண்களைத் தமிழுக்கு ஒதுக்கினர். பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவில் தமிழ் என்னும் சொல்லை எழுதினால், பொறிக்குள் பதிவன ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளின் எண்களும் ஓர் அரைப்புள்ளியின் எண்ணுமே. எழுத்துரு இருக்கும்வரை அவற்றின் மேல் தமிழ் உருவம் போர்த்தித் தோன்றும். எழுத்துருவை நீக்கிவிட்டால் போர்வை விலகிவிடும். வேறோர் எழுத்துருவைப் பொருத்தினாலோ முற்றிலும் வேறான குழப்பம் தோன்றும்.

இந்நிலையைத் தீர்க்க அறிஞர் பலர் உழைத்தனர். திஸ்கி என்னும் முறையை உலகெங்கும் வாழ்ந்த தமிழ் ஆர்வலர் கூடி வகுத்தனர். 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளும் தமிழ்நாட்டு அரசின் ஏற்பைப் பெற்றன. எனினும் இறுதியில் உலகம் முழுதும் நிலைபெற்றது ஒருங்குறி எனப்படும் யூனிகோடே. 1991இல் முதற்பதிப்புக் கண்ட அம்முறையில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இன்று எந்தக் கணிப்பொறியிலும் எந்தக் கைப்பேசியிலும் ‘த’ என்பது 2980, இருமத்தில் 101110100100.

ஒரு குறையும் அதன் படிப்பினையும்

ஒருங்குறி குறையற்றதன்று. இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே அச்சாக வகுக்கப்பட்ட இஸ்கி என்னும் முறையை அடியொற்றித் தமிழின் இடங்கள் அமைந்தன. அதனால் அகரமேறிய ‘ழ’ ஓர் எண்ணைப் பெற்றது. தனி மெய்யாகிய ‘ழ்’ எண் பெறவில்லை. ழகரத்தின் எண்ணையும் புள்ளியின் எண்ணையும் அடுத்தடுத்து வைத்தே அதனை எழுத வேண்டும். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்கும் என்பது நம் இலக்கணம். பொறியிலோ உயிர்மெய்யிலிருந்து உயிரைக் களைந்து மெய் பிறக்கின்றது. தமிழ் என்னும் சொல்லை நாம் மூன்றெழுத்து என்போம். பொறிக்குள் அது 2980, 2990, 3007, 2996, 3021 என ஐந்து எண்கள். எழுத்தெண்ணச் சொன்னால், தனியே கற்பிக்கப்படாத பொறி ஐந்து என்றே விடை தரும்.

வரிசையும் மாறிற்று. நம் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன எனப் படித்தோம். எண் வரிசையிலோ ய, ர, ற, ல, ள, ழ, வ என நிற்கின்றன. னகரம் நகரத்தை அடுத்து முன்னரே வந்துவிடுகின்றது. எண்ணை மட்டும் நம்பி அகராதி அடுக்கினால் தவறாகவே முடியும். சரியான வரிசைக்குத் தனி விதிகள் தேவை. குறுஞ்செய்தியிலும் இழப்பு உண்டு. ஒரு செய்தியின் அளவு 140 பைட்டு. ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் கொள்ளும் அவ்விடத்தில் ஒருங்குறித் தமிழில் 70 குறியீடுகளே கொள்ளும். எழுத்தாகக் கணக்கிட்டால் அதனினும் குறைவு.

இக்குறைகளை எடுத்துக்காட்டி, 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் வேண்டும் என்று வாதிட்டோர் உளர். அவ்வாறு அமைந்த டேஸ் 16 என்னும் முறையை 2010இல் தமிழ்நாட்டு அரசு, ஒருங்குறியோடு மாற்று முறையாக ஏற்றது. அதன் பின்னுள்ள மொழியுணர்வை நாம் மதிக்கின்றோம். ஆயினும் நம் கருத்து வேறு. ஒருங்குறியில் ஒருமுறை வழங்கிய எண் மாற்றப்படுவதில்லை, திரும்பப் பெறப்படுவதுமில்லை. கோடிக்கணக்கான பக்கங்கள் அதன்மேல் எழுந்துவிட்டன. இந்நிலையில் அழகிய இரண்டாம் உடன்பாட்டைவிட, குறையுள்ள ஒரே உடன்பாடே நம் எழுத்துகளைக் காக்கும். பல உடன்பாடுகளால் விளைந்த கேட்டைத்தான் அந்த நெகிழ்வட்டுகளில் கண்டோமே! குறைகளை மென்பொருள் விதிகளால் ஈடு செய்யலாம். அவ்விதிகளை எழுதுவோர்க்கு இலக்கணம் சொல்லித் தரும் கடமை நம்முடையது.

அக்கடமையைச் செய்தால் பயன் விளையும் என்பதற்குச் சான்று உண்டு. 1/320 ஆகிய முந்திரி முதலான பழந்தமிழ்ப் பின்னக் குறிகளும், ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு முதலான அளவைக் குறிகளும் நெடுங்காலம் கணிப்பொறியில் இடமின்றி இருந்தன. 2019இல் வெளிவந்த ஒருங்குறியின் 12ஆம் பதிப்பில் இவ்வகைக் குறிகள் 51 எண் பெற்றன. பழைய ஆவணங்களைப் படிக்கத் தெரிந்த அறிவு இல்லையேல் அவற்றுள் ஒன்றும் உள்ளே வந்திருக்க இயலாது.

நாம் செய்யத் தக்கன

‘விசையைத் தட்டினால் எழுத்து வருகின்றது, உள்ளே என்ன நிகழ்ந்தால் நமக்கென்ன?’ என்று மாணவர் சிலர் கேட்கலாம். ‘தமிழாசிரியர்க்கு இது வேண்டாத சுமை’ என்று மூத்தோர் சிலர் கருதலாம். சுவடியில் புள்ளியின்றி எழுதிய எழுத்தை எகரமா ஏகாரமா என்று ஆய்ந்து துணிந்த பதிப்பாசிரியர்களைப் போற்றும் நாம், பொறியில் புள்ளி எவ்வாறு நிற்கின்றது என்பதை அறிய மறுப்பது பொருந்துமா என்று அவர்களைப் பணிவுடன் கேட்கின்றோம்.

மூன்று செயல்களை வேண்டுகின்றோம். முதலாவது, எழுத்திலக்கணம் கற்பிக்கும் வகுப்பில் இரண்டு மணி நேரத்தை இதற்கு ஒதுக்க வேண்டும். உழக்கும் படியும் கொண்டு இரும எண்ணையும், தேமா புளிமா கொண்டு அதன் பெருக்கத்தையும், தமிழ் என்னும் ஒரு சொல்லைக் கொண்டு குறியீட்டையும் கற்பித்துவிடலாம். கணிப்பொறிகூடத் தேவையில்லை, கரும்பலகை போதும்.

இரண்டாவது, துறையிலும், இல்லங்களிலும், அச்சகங்களிலும் உறங்கும் பழைய வட்டுகளையும் கோப்புகளையும் காலந்தாழ்த்தாது ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். திருமண வாழ்த்து மலர், பள்ளி ஆண்டு மலர், ஊர் வரலாறு, கவியரங்கக் கவிதை என எத்தனையோ நம் சமுதாயப் பெரியோர் இல்லங்களில் இருக்கும். எழுத்துரு இன்னதென்று தெரிந்தால் மாற்றும் மென்பொருள் உண்டு. தெரியாவிடில் உடனே அறிந்தவரிடம் கேட்க வேண்டும். அறிந்தவரும் முதுமை எய்துகின்றனர். கோப்போடு எழுத்துருவின் பெயரையும் குறித்து வைப்பது, நூலுக்கு ஆசிரியர் பெயரைக் குறிப்பது போன்று இன்றியமையாதது.

மூன்றாவது, தமிழ் எழுத்து பற்றிய தர முடிவுகள் கூடிப் பேசப்படும்போது தமிழ்த் துறைகளும் தம் கருத்தை எழுத்து வடிவில் அளிக்க வேண்டும். முடிவான பின் வருந்துவதால் ஓர் எண்ணும் மாறாது.

அவ்விரு வட்டுகளின் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். நம் மாணவி ஒருவர் அக்குழப்ப வரிகளை அச்செடுத்து மேசையில் விரித்தார். தமிழ் எழுத்தில் புள்ளியே மிகுதியாகப் பயில்வது; ஆதலின் அடிக்கடி வந்த குறியைப் புள்ளி என்று கொண்டார். ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-கிந்தி மறைகுறிகளை அவிழ்க்க எழுதிவைத்த வழியும் எழுத்துகளின் பயில்வை எண்ணுவதே. தாலாட்டு ஆதலால் ‘ஆராரோ’ என்பது வந்தாக வேண்டும் என்று தேடினார், கிடைத்தது. அதிலிருந்து ரகரம், அதிலிருந்து அடுத்த சொல் எனப் பத்து நாள்களில் பட்டியல் முழுமையுற்றது. இருபத்தேழு பாடல்கள் மீண்டும் தமிழாயின.

அவருக்குத் துணை நின்றவை இரண்டு: பொறிக்குள் இருப்பது எண் என்னும் அறிவும், தாலாட்டில் எந்தச் சொல் வரும் என்னும் தமிழறிவும். ஒன்று மட்டும் இருந்திருந்தால் அப்பாடல்கள் மீண்டிரா. திறக்காத மூன்றாம் வட்டு இன்னும் நம் மேசையில் இருக்கின்றது. அதில் எத்தனை பாடல்கள் இருந்தன, யார் பாடியவை என்பதை அறிய வழியில்லை. இத்தகைய வட்டுகள் உங்கள் இல்லத்துப் பேழையிலும் இருக்கக்கூடும். இம்மலரைப் படித்து முடித்ததும் ஒருமுறை தேடிப் பார்க்குமாறு அன்புடன் வேண்டுகின்றோம்.